நின்றால் எரியும் விளக்கு

“‘இதோட நாலு தடவை கொண்டு வந்துட்டேன். நாலு தடவையும் விளக்கை அணைச்சு அனுப்பிட்டீங்க. ஒரு தடவையாவது அது ஏன் எரியுதுன்னு கேட்டீங்களா?’ இப்படிக் கேட்டுட்டுப் போறா மாஸ்டர், பெத்தவளைப் பார்த்து. வார்த்தை மாறாம அப்படியே சொல்றேன். சாவியை மேசை மேல வச்ச சத்தத்தை மட்டும் என்னால சொல்லிக் காட்ட முடியலை.”

ஹனீபா அப்போதுதான் பட்டறைக்குள் வந்து, வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, நீல நிற வேலைச் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தார்.

“கேட்டீங்களாக்கா?” என்றார்.

“என்னத்தை?”

“ஏன் எரியுதுன்னு.”

“யாரைக் கேக்கறது? அவளையா, வண்டியையா?”

“யாரையாவது.”

தமயந்திக்குச் சுருக்கென்றது. விடியற்காலையில் எழுந்து, குளித்து, வெள்ளிக்கிழமை என்று பட்டறையைக் கழுவிக் கோலம் போட்டு, அதற்குப் பிறகு மகளிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, இப்போது சம்பளம் வாங்குகிற ஆளிடமும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஆள் அவளுக்குக் குரு. அதுதான் தொல்லை.

குரு என்றால் மரத்தடி வேண்டும், மௌனம் வேண்டும் என்பவர்களுக்காகச் சொல்லிவிடலாம். ஈரோடு பெருந்துறை சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற அந்தக் கார் பட்டறையில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் கீழே ஞானம் எதுவும் கிடக்கவில்லை, பழைய டயர்கள்தான் கிடந்தன. மௌனம் ஹனீபாவிடம் தேவைக்கு மேலேயே இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் கணவர் போய்ச் சேர்ந்தபோது, பட்டறையை விற்றுவிடச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. தமயந்தி விற்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், தன்னைவிடப் பதினோரு வயது இளையவரான ஹனீபா முன்னால் போய் நின்று, “எனக்குச் சொல்லிக் குடுங்க மாஸ்டர்” என்றாள்.

அவர் ஒரு முழம் ரப்பர் குழாயைக் கொடுத்தார். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைக்கச் சொன்னார்.

“என்ன கேக்குதுக்கா?”

“இரைச்சல்.”

“நாளைக்கும் கேளுங்க.”

எட்டு நாள் கேட்டாள். ஒன்பதாம் நாள் குழாயை மேசை மேல் வைத்துவிட்டு, “இது எனக்கு ஒத்து வராது, வேற ஏதாவது சொல்லிக் குடுங்க” என்றாள்.

ஹனீபா குழாயை எடுத்துச் சுருட்டி வைத்தார். கோபப்படவில்லை. நட்டு போல்ட்டு கழற்றுவதிலிருந்து ஆரம்பித்தார்.

பிறகு ஸ்கேனர் வந்தது. கையடக்கமான பெட்டி. வண்டியில் செருகினால் இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று திரையில் இங்கிலீஷில் எழுதிக் காட்டும். கன்னியாஸ்திரீகளிடம் பிரம்படி வாங்கிக் கற்ற இங்கிலீஷ், முப்பத்தைந்து வருடம் மளிகை லிஸ்ட்டுக்கும் மாத்திரை அட்டைக்கும் மட்டுமே பயன்பட்டு, கடைசியில் ஒரு வேலைக்கு வந்தது. ஹனீபாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எண்கள் தெரியும். எந்த வரி எதைச் சொல்கிறது என்று வரிசையை வைத்து மனப்பாடம் செய்திருந்தார். தமயந்திக்கோ பார்த்த உடனே புரியும். புரிந்த உடனே கடைசிப் பொத்தானையும் அமுக்கிவிடுவாள். அது கோளாறை அழிக்கிற பொத்தான். அமுக்கினால், ஓட்டுகிறவர் கண்ணெதிரே முகப்புப் பலகையில் எரிகிற மஞ்சள் எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும்.

விளக்கு அணைந்தால் வந்தவர் முகம் மலரும். வந்தவர் கிளம்புவார். அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

மேகலாவின் வண்டியிலும் அதைத்தான் செய்தாள்.

மேகலா ஒரே மகள். பவானியில் கட்டிக் கொடுத்து ஒன்றரை வருடம். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், இழுவையே இல்லை என்று வண்டியைக் கொண்டு வந்தாள். காற்று போகிற பாதையைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுகிற வேலை. ஹனீபா வெளியே போயிருந்தார். தமயந்தி தானே தனியாகச் செய்த முதல் வேலை அது. அதற்குப் பிறகு வண்டி நன்றாகத்தான் இழுத்தது. ஆனால் அந்த மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. அணைத்தாள். மறுபடி எரிந்தது. அணைத்தாள்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாப்பிள்ளை வந்து வண்டியை எடுத்துக்குவாராம்” என்றாள் தமயந்தி. “இதோட முடியணும்னு சொல்லிட்டாராம். வண்டி சரியாயிடுச்சுன்னா அப்புறம் அங்கே உனக்கு என்ன வேலைன்னு கேட்டாராம். அதையும் என்கிட்டயே சொல்லிட்டுப் போறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நியாயமான பேச்சுதானேன்னேன். இதுல என்ன தப்பு? கட்டிக் குடுத்த பொண்ணு காரணமில்லாம வந்து வந்து நிக்கக் கூடாதுன்னு முதல் மாசமே நான் சொன்னதுதான். அன்னைக்கும் அப்படித்தான், பையைத் தூக்கிட்டு வந்து நின்னா. சும்மா வந்தேன்னா. சும்மா வரக் கூடாதும்மா, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு அடுத்த பஸ்ஸுக்கே அனுப்பி வச்சேன்.”

ஹனீபா ஸ்கேனரை எடுத்து நீட்டினார்.

தமயந்தி வண்டிக்குள் குனிந்து செருகினாள். திரை விழித்தது.

“என்ன சொல்லுதுக்கா?”

“ஒண்ணும் சொல்லலை. கோளாறே இல்லைங்குது.”

“காலையில எரிஞ்சுட்டுத்தானே வந்துச்சு?”

“நான் அப்பவே அணைச்சுட்டேன்.”

“நான் வர்றதுக்கு முன்னாடியா?”

“அவ வண்டியை நிறுத்தி இறங்கறதுக்கு முன்னாடியே. ‘அம்மா, இன்னிக்கு நான் உங்ககிட்ட’ன்னு ஏதோ ஆரம்பிச்சா. இரு, முதல்ல இதை அணைச்சுடறேன்னேன். அப்புறம்தான் இந்தப் பேச்செல்லாம்.”

ஹனீபா வேப்பமரத்தைப் பார்த்தார்.

விளக்கு எரிகிற அந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது, என்ன வேகம், என்ன சூடு, கிளம்பி எவ்வளவு நேரம் என்று இன்ஜினின் மூளை ஒரே ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொள்ளும். விளக்கை அணைத்தால் அந்தப் பக்கமும் போய்விடும். தமயந்திக்கு அது தெரியாமல் இல்லை. ஸ்கேனரோடு வந்த புத்தகத்தில் இங்கிலீஷில் படித்திருந்தாள்.

“இப்ப என்ன பண்றது?” என்றாள்.

“மறுபடி எரியணும்.”

“எரியணுமா?”

“எரிஞ்சாத்தானே தெரியும்.”

“அவ்வளவுதானே, வாங்க. ஓட்டினா எரிஞ்சுட்டுப் போகுது.”

அவளே ஓட்டினாள். ஹனீபா பக்கத்தில் உட்கார்ந்தார். திண்டல் வரை போனார்கள். எரியவில்லை. திரும்பி வந்து சித்தோடு பக்கம் போனார்கள். ஏற்றத்தில் விரட்டினாள், இறக்கத்தில் விட்டுப் பார்த்தாள், மூன்றாவது கியரில் முக்க வைத்தாள். வண்டி கல்யாண வீட்டில் விட்ட குழந்தை மாதிரி சமர்த்தாக ஓடியது. தமயந்தி சாலையைப் பார்த்ததைவிட முகப்பைப் பார்த்ததுதான் அதிகம். எந்த விளக்கைக் கண்டாலே எரிச்சல் வந்ததோ, அதையே இப்போது எரியாதா எரியாதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அணைக்க அணைக்க வந்துச்சு. வாடின்னா வரமாட்டேங்குது” என்றாள்.

ஹனீபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்கே போறப்ப எரிஞ்சுதுன்னு பாப்பா சொல்லுச்சாக்கா?”

தமயந்தி யோசித்தாள். சொன்னாள் போலத்தான் இருந்தது. ரெண்டாவது தடவையோ என்னமோ. ‘ஓட்டும்போது எரியலம்மா, நான்...’ என்று ஏதோ. அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரர் வந்தாரே.

“சொல்லியிருப்பா” என்றாள்.

பன்னிரண்டரை மணிக்குப் பட்டறைக்குத் திரும்பினார்கள்.

“ஓட்டிப் பார்த்தாச்சு. நிறுத்திப் பார்ப்போமாக்கா?” என்றார் ஹனீபா.

வண்டியை வேப்பமரத்து நிழலில் விட்டு, ஒரு தடவை அணைத்து மறுபடி கிளப்பச் சொன்னார். இன்ஜின் ஓடட்டும், ஏசி ஓடட்டும், நீங்கள் உள்ளே உட்காருங்கள் என்றார்.

“எவ்வளவு நேரம்?”

“எரியற வரைக்கும்.”

“நின்ன எடத்துல நின்னுட்டு என்னத்தை எரியப் போகுது?”

“உக்காருங்க. நான் ஜும்மா தொழுகைக்குப் போய்ட்டு வந்துடறேன். எரிஞ்சா எதையும் அமுக்காதீங்க.”

அவர் கை கால் கழுவி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தமயந்தி மகளின் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். அடுப்பில் எதையும் வைக்காமல், கையில் எதையும் எடுக்காமல், யாரையும் அதட்டாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. போனை எடுத்தாள், வைத்தாள். ஸ்டியரிங் மேல் படிந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். பக்கத்து இருக்கையைத் துடைத்தாள். துடைக்க இன்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தபோதுதான் வண்டிக்குள் பார்த்தாள்.

நாலு கண்ணாடியிலும் உள்பக்கம் வட்ட வட்டமாகத் தடம். கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற ரப்பர் குமிழ்களை ஒட்டி ஒட்டி எடுத்த தடம். இருக்கைக்குப் பின்னால் கறுப்புத் திரைகள் மடித்துச் செருகியிருந்தன. ஒன்றை எடுத்து ஒட்டிப் பார்த்தாள். ஜன்னல் அளவுக்கே வெட்டி, ஓரம் தைத்திருந்தது. மேகலாவின் கைத்தையல். நாலையும் ஒட்டினால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே தெரியாது.

பின்னால் ஒரு சின்னத் தலையணை. உறையில் போட்ட பூத்தையல் இந்த வீட்டினுடையது.

கதவுப் பையில் தண்ணீர் பாட்டில். அதற்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டப்பா. திறந்தாள். பாதி எலுமிச்சைச் சாதம், ஒரு ஸ்பூன். நேற்றையது. லேசாக நூல் விட்டிருந்தது.

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை எட்டு பேர் உட்காருகிற மேசை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று தமயந்தி முதலில் மெச்சியதே அந்த மேசையைத்தான். தேக்கு. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம்கூட அதைச் சொன்னாள்.

டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை அழுத்தினாள்.

வேப்ப இலை ஒன்று கண்ணாடி மேல் விழுந்தது. ஏசி உறுமிக்கொண்டே இருந்தது. இன்ஜின் ஒரு கட்டத்தில் லேசாகத் திக்கியது, சமாளித்தது, மறுபடி திக்கியது. அதற்குள் என்னவோ கேட்கிற மாதிரி இருந்தது. அந்த ரப்பர் குழாய் எங்கே கிடக்கிறதோ என்று நினைத்தாள்.

முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

கை தானாக ஸ்கேனருக்குப் போனது. விரல் தானாகக் கடைசிப் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது.

ஹனீபா தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வந்தார். கதவைத் திறந்தார்.

“எரியுது மாஸ்டர்.”

“படிங்க.”

முதல் தடவையாக அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வரி வரியாகப் படித்தாள்.

“காத்து அதிகமாப் போகுது, அதுக்கேத்த பெட்ரோல் இல்லைங்குது. சூடு சரியா இருக்கு. வேகம் சைபர். வண்டி கிளப்பி நாப்பத்தாறு நிமிஷம்.”

“ம்.”

“ஆனா இது நாம வேணும்னு உக்காந்ததால எரிஞ்சது. அவ ஓட்டிட்டுத்தானே போறா. அவளுக்கு எப்படி எரிஞ்சுது? நின்ன எடத்துல முக்கா மணி நேரம் வண்டியை ஓட விட்டுட்டு எவ உக்காந்திருப்பா?”

கேட்டு முடிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

ஹனீபா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். பள்ளிக்கூட நோட்டு. பென்சிலால் தேதி போட்டு, அதன் கீழே எண்களை மட்டும் வரிசையாக எழுதியிருந்தார். எழுத்து ஒன்றுகூட இல்லை.

“எனக்கு இங்கிலீஷ் வராதுங்கக்கா. அதனால இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதி வச்சுக்குவேன். பாப்பா வண்டி வர்றப்ப, நீங்க பேசிட்டு இருக்கும்போது நான் போய்ச் செருகி எழுதிக்குவேன். அப்புறம் நீங்க வந்து அணைப்பீங்க. மூணு தடவைது இருக்கு. இன்னிக்குதுதான் இல்லை.”

மேலிருந்து மூன்றாவது வரி வேகம். கடைசி வரி, கிளம்பி எவ்வளவு நேரம்.

முதல் தேதி. சைபர். ஐம்பத்தொன்று.

இரண்டாவது தேதி. சைபர். நாற்பத்து நாலு.

மூன்றாவது தேதி. சைபர். அறுபத்து மூன்று.

தமயந்தி தேதிகளைப் பார்த்தாள். முதல் தேதியில் மேகலா வந்து, ‘உள்ளே வந்து கொஞ்ச நேரம் உக்காரட்டுமாம்மா’ என்றாள். வெயில் ஏறுவதற்குள் கிளம்பு என்று தமயந்தி சொன்னாள். இரண்டாவது தேதி, அந்த லாரிக்காரர் வந்த நாள். மூன்றாவது தேதியில் மேகலா ஒன்றுமே சொல்லவில்லை. விளக்கு அணைகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். அணைந்ததும், ‘அவ்வளவுதானாம்மா?’ என்றாள். நாம் வேலையை அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டோம் என்று மெச்சுகிறாள் போலிருக்கிறது என்று தமயந்தி அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்த பெண், இந்த ஆறு வாரத்தில் விளக்குக்காக மட்டும் நாலு தடவை வந்திருக்கிறாள்.

“உங்களுக்கு இது அப்பவே தெரியும்” என்றாள். சண்டைக்குத்தான் ஆரம்பித்தாள். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“முதல் தடவை சொன்னேங்கக்கா. ‘அப்புறம் பாத்துக்கலாம் மாஸ்டர், முதல்ல அவளை அனுப்பி விடுங்க’ன்னீங்க. ரெண்டாவது தடவை நோட்டை எடுத்துட்டே வந்தேன். கையிலே வேலை இருக்குன்னீங்க.”

“மூணாவது தடவை?”

“சொல்லலை.”

“ஏன்?”

“ரெண்டு தடவை சொல்லியாச்சேன்னு.” ஹனீபா நோட்டை மூடினார். “அது என் தப்புதான். மூணாவது தடவையும் சொல்லியிருக்கணும்.”

தமயந்தி நோட்டை வாங்கி மறுபடி திறந்தாள். அறுபத்து மூன்று என்ற எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

“ஒரு மணி நேரத்துக்கு மேல, மாஸ்டர். அவ்வளவு நேரம் எங்கே நிறுத்திட்டு உக்காந்திருந்தா?”

“அது இதுல வராதுக்கா.”

வண்டி திக்கித் திக்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஹனீபா அலுவலக அறைக்குப் போய், சாமி படத்துக்குக் கீழே இருந்த தூபக்காலை எடுத்து வந்தார். காலையில் தமயந்தி காட்டிய சாம்பிராணியின் கங்கு சாம்பலுக்கடியில் இன்னும் அணையவில்லை. மேலே ஒரு சிட்டிகை தூவினார். புகை எழுந்தது. பானட்டைத் தூக்கி, ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் தூபக்காலை மெல்ல மெல்ல நகர்த்தினார். புகை எல்லா இடத்திலும் மேலே போனது. ஒரு ரப்பர் குழாய் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் மேலே போகவில்லை. வளைந்து, இழுபட்டு, குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு நூல் மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“இதாங்கக்கா. இந்த வழியாக் கள்ளக்காத்து போகுது. ஓடும்போது வண்டி நிறைய மூச்சு இழுக்கும், இந்தத் துளி காத்து ஒரு கணக்கே இல்லை. நின்னுட்டிருக்கும்போதுதான் இது பெருசாத் தெரியும்.”

குழாயைத் தொட்டார். கை வைத்ததும் வழுக்கிக் கழன்று வந்தது. விரலை மோந்து பார்த்தார்.

“நல்லெண்ணெய்” என்றார்.

தமயந்திக்கு ஞாபகம் வந்தது. ஆறு வாரத்துக்கு முன் அந்தக் குழாய் ஏறவே மாட்டேன் என்றது. ஹனீபா வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும். மேகலா வேறு, நேரமாகிறது, அத்தை தேடுவாங்க என்று நின்றுகொண்டிருந்தாள். நேரமாகிறது என்றாளே தவிர, போகிற அவசரம் அவள் முகத்தில் இல்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது. சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்து வந்து, சின்ன வளையலைப் பெரிய கையில் ஏற்றுகிற மாதிரி தடவி ஏற்றினாள். ஒரே தள்ளில் உட்கார்ந்தது. அதை இறுக்க ஒரு க்ளிப் இருந்தது. ஏறினதே போதும் என்று விட்டுவிட்டாள்.

மேகலா அன்று கேட்டாள். ‘எண்ணெய் போட்டு ஏத்தினா நிக்குமாம்மா?’

‘எல்லாம் நிக்கும். நீ போ.’

ஹனீபா இன்ஜினை அணைத்தார், தூபக்காலைத் தள்ளி வைத்தார், பழைய குழாயை எறிந்துவிட்டு மூட்டுவாயை உலர்ந்த துணியால் துடைத்தார். பெட்ரோல் தொட்டு மறுபடி துடைத்தார். புதுக் குழாயை ஏற்றினார். அது லேசில் ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகித் திருகி ஏற்றினார். க்ளிப்பைப் போட்டு இறுக்கி, இன்ஜினைக் கிளப்பினார். தூபக்காலை மறுபடி காட்டினார். புகை நேராக மேலே போனது. இன்ஜின் திக்குவது நின்றது.

“முடிஞ்சுதுங்கக்கா” என்றார்.

“இனிமே எரியாதா?”

“எரியாது.”

“எவ்வளவு நேரம் நின்னாலும்?”

“எவ்வளவு நேரம் நின்னாலும்.”

மணி மூன்றரை. தமயந்தி கையைக் கழுவிவிட்டு மகளுக்குப் போன் செய்தாள். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு மேகலா எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம்.

“சொல்லுங்கம்மா.”

“வண்டி சரியாயிடுச்சு.”

“ம்.”

“ஒரு குழாய் கழண்டிருந்துச்சு. நான்தான் சரியா மாட்டலை. என் தப்புதான்.”

மிக்ஸி நின்றது. தமயந்தி தன் தப்பு என்று சொல்லி மேகலா இதற்கு முன் கேட்டதில்லை.

“சரிம்மா. அவர் அஞ்சு மணிக்கு வருவார்.”

“காலையில என்னமோ சொல்ல ஆரம்பிச்சே. என்கிட்டன்னு.”

“ஒண்ணுமில்லம்மா.”

“இருந்துச்சு மேகலா. இன்னிக்கு நான் உங்ககிட்டன்னு ஆரம்பிச்சே.”

“என்னவோ சொல்ல வந்தேன். இப்ப வேண்டாம்மா. விடுங்க.”

“அந்த டப்பாவுல சாதம் இருக்கு.”

யாரோ மேகலாவைக் கூப்பிட்டார்கள். இதோ வர்றேன் அத்தை என்று போனுக்கு வெளியே சொன்னாள். அந்தக் குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்ல மருமகளின் குரல். தமயந்தி வளர்த்த குரல்.

“அதைக் கழுவி வச்சிடுங்கம்மா” என்றாள் திரும்ப வந்து.

“நாளைக்கு வாயேன். சும்மா வா. வந்து உக்காந்துட்டுப் போ.”

“சும்மா வரக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க.” குத்திக் காட்டுகிற தொனி இல்லை. மனப்பாடமாகிவிட்ட ஒன்றைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். “இங்கேயும் கேப்பாங்க. அதான் வண்டி சரியாயிடுச்சேம்பாங்க. வச்சிடறேன்மா.”

வைத்துவிட்டாள்.

தமயந்தி போனைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். வண்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. கோளாறு போனாலும் யாராவது அணைக்க வேண்டும். ஹனீபா ஸ்கேனரை இருக்கை மேல் வைத்துவிட்டு, திறந்த பானட் பக்கத்தில் நின்று, கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் டப்பாவை எடுத்து, குழாயடிக்குப் போய்க் கழுவினாள். நூல் விட்ட சாதத்தை வழித்துப் போட்டு, நார் போட்டுத் தேய்த்து, ஸ்பூனையும் தேய்த்து, முந்தானையில் துடைத்து, கதவுப் பையில் இருந்த இடத்திலேயே வைத்தாள். திரையை எடுத்து முன்போலவே மடித்து, இருக்கைக்குப் பின்னால் செருகினாள். தலையணையைத் தட்டி வைத்தாள்.

பிறகு பானட் பக்கம் வந்து நின்று, அந்தப் புதுக் க்ளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேர்த்தியான வேலை. அசைக்க முடியாது.

“மாஸ்டர்” என்றாள்.

ஹனீபா துடைப்பதை நிறுத்தினார்.

“அஞ்சு மணிக்கு மாப்பிள்ளை வந்துடுவாரு. அதுக்குள்ள அந்தக் க்ளிப்பை ஒரே ஒரு சுத்து தளர்த்தி விட்டுடுங்களேன்.”